ஜிக்சோ பெட்டிக்குள் ஒரு யுத்தம்

பிள்ளைகள் துண்டுகளைப் பொருத்தி விளையாடும் ஜிக்சோ, ஆரம்பத்தில் ஒரு கற்பித்தல் சாதனம். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பவர் ஐரோப்பாத் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளோடு அறுத்து விற்றார். புவியியல் படிப்பிக்கத்தான். ஆசிரியன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

பிறகு அதே பலகையில் யுத்தமும் ஏறியது. இரண்டு உலக மகா யுத்தங்களிலும் சிப்பாய்கள், கொடிகள், போர்க்கப்பல்கள் எல்லாம் துண்டு துண்டாகப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. பேர்மிங்ஹாமில் இருந்த சாட் வெலி கம்பனி, 1924 முதல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பனிக்காக ரயில், கோட்டைப் படங்களில் ஜிக்சோ செய்து வந்தது. 1939இல் அது நின்றுபோனது. யுத்தகாலப் பெட்டிகளில் ஸ்பிட்பயர் போன்ற விமானங்கள் பறந்தன.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல ஜிக்சோ என்றால் பிளைவூட்டில் அறுத்ததுதான். ஆனால் பிரித்தானியாவின் மொஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானத்தையே பிளைவூட்டிலும் பல்சா மரத்திலும்தான் கட்டினார்கள். தளபாடத் தச்சர்கள்கூட அதன் பாகங்களைச் செய்தார்கள். பலகை விமானத்துக்குப் போனது. விமானத்தின் படம் காட்போட் மட்டையில் பிள்ளைக்கு வந்தது! அந்த மட்டைக்கும் ஆயுசு குறைவு. பழைய கடதாசி, மட்டை எல்லாவற்றையும் யுத்தத் தேவைக்கென்று வீடு வீடாகச் சேர்த்தார்கள், அதிலும் பிள்ளைகள்தான் முன்னுக்கு நின்றார்கள். அமெரிக்காவிலோ 1942இல் விளையாட்டுச் சாமான்களுக்கு இரும்பு கிடையாது என்றாகிவிட்டது. தகர லொறி போன இடத்துக்கு மட்டை ஜிக்சோ வந்தது.

இணையத்தில் இந்தப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். வண்ணம் அழகு, வானம் நீலம். நான் பார்த்தவற்றில் விமானத்துக்குக் கீழே வீடுகள் இல்லை. ஓடுகிற ஒரு தாய் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை அதைப் பத்துத் தடவை பொருத்தினாலும் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று தெரிய வழியில்லை.

கீழே இருந்து பார்த்தவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள், அதே யுத்தத்தில். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலையில். அன்றுதான் பிரித்தானியாவின் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

யார் வீட்டு அலுமாரியிலாவது அந்தக் காலத்து ஜிக்சோ இருந்தால் ஒரு போட்டோ எடுத்து கொமென்டில் போடுங்கள். துண்டு குறைந்தாலும் பரவாயில்லை. பத்தாம் தரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.