யாருடைய கைத்தவறு?

மருந்து மாறிப்போனால் 'கைத்தவறு' என்கிறோம். கொடுத்த கை குற்றவாளியாகிறது. அந்தக் கையைச் சூழ்ந்திருக்கும் வரலாறு தப்பித்துக்கொள்கிறது. எனக்கு இந்தச் சொல்லின்மீதே சந்தேகம்.

முதியோர் இல்லச் செவிலியருக்கு ஐந்து 'சரி'களைச் சொல்லித் தருகிறார்கள்: சரியான ஆள், மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம். ஓவேலித் தோட்டங்களில் லைன் வீடுதான் முதியோர் இல்லம். பேரப்பிள்ளைதான் செவிலி.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை உரிமையாக்கியது. ஆனால் அது வேலையில் இருப்பவரையும் அவர் குடும்பத்தையும் ஒட்டியே நின்றது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கூடலூர்ப் பக்கம் வந்து, கொழுந்தெடுத்து ஓய்ந்து, பிள்ளைகளைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்ட கிழவி எந்தக் கணக்கில் 'சரியான ஆள்'?

மாத்திரை அட்டை ஆங்கிலம் பேசுகிறது. பனியர், காட்டுநாயக்கர் முதியோருக்குத் தமிழே இரண்டாம் மொழி. ஆகவே இங்கே நிறத்தையும் வடிவத்தையும் வாசிக்கிறார்கள்: "சின்ன வெள்ள பிரஷருக்கு, நீட்டமா இருக்கறது சக்கரைக்கு." அறியாமை அல்ல இது, ஒரு வாசிப்பு முறை. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரில், டெண்டர் மூலம் மருந்து வாங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பெனி மாறினால் மாத்திரையின் தோற்றமும் மாறலாம். பழையது டப்பாவில் மிச்சமிருக்கும். புதியதை வேறு மருந்தென்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். கிளிமிபிரைடு இப்படி இரட்டித்தால், அதிலும் வெறும் வயிற்றில், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். யானை நடமாடும் பாதையில் ராத்திரி யார் வண்டி எடுப்பார்கள்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மருந்தோடு பேச்சும் வர வேண்டும் என்பதே என் வாதம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துத் தவறுகளைக் குறைக்க அறைகூவல் விடுத்தபோது, தனியாளைவிட அமைப்பின் பலவீனத்தையே சுட்டியது. கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, அந்தச் சமூகங்களின் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவித்தது. நோயாளியின் மொழி மருத்துவத்துக்குள் நுழைந்த தருணம் அது.

செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தாம். புதிய அட்டை தரும்போது பழையதை எடுத்துவரச் சொல்லி ஒப்பிட வேண்டும். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று உறையில் வரைய வேண்டும். எப்போது, எத்தனை என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இது எதுக்கு?" என்று கிழவி கேட்டால் எரிந்து விழாதிருக்க வேண்டும். ஐந்து சரிகளையும் காப்பாற்றுவது அந்தக் கேள்விதான்.