பதிவுசெய்த வடிவமைப்பு உரிமை

ஒரு பொருளின் உருவம், கோலம், அலங்காரம், வண்ணச் சேர்க்கை ஆகியவற்றைப் பிறர் பார்த்துச் செய்து விற்காதபடி தடுக்கச் சட்டம் தரும் உரிமை. பொருள் எப்படி இயங்குகிறது என்பது இதில் கணக்கில்லை. கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதே அளவுகோல்.

இங்கிலாந்தில் 1787இல் துணியில் அச்சிடும் கோலங்களுக்கு இரண்டு மாதப் பாதுகாப்பு கிடைத்தது. இந்தியாவில் 1872, 1888ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் 1911இல் காப்புரிமையும் வடிவமைப்பும் ஒரே சட்டத்தில் அடங்கின. அதன்படி, வடிவத்தைத் திருடியவரிடம் ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 500 ரூபாய் வசூலிக்க முடிந்தது. திருடுகிறவருக்கு இது தொழிற்செலவில் ஒரு வரி. 11.5.2001இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை 25,000 ரூபாயாக்கி, ஒரு வடிவத்துக்கு மொத்த உச்சவரம்பு 50,000 என்று வைத்தது. இழப்பீடும் தடையுத்தரவும் கேட்டு, மாவட்ட நீதிமன்றத்திலோ அதற்கு மேலோ வழக்குப் போடவும் வழியுண்டு.

வழக்குகளில் விரிவாகப் பேசப்படுவது பாரத் கிளாஸ் டியூப் – கோபால் கிளாஸ் ஒர்க்ஸ். கோபால் நிறுவனம் கண்ணாடித் தகட்டில் பதியும் ஒரு கோலத்தைப் பதிவுசெய்திருந்தது. பாரத் நிறுவனமும் அதையே போடவே, சண்டை மூண்டது. கோலம் செதுக்கிய உருளை ஜெர்மனியின் டார்ன்புஷ் நிறுவனத்தில் வாங்கியது, அப்புறம் என்ன புதுமை என்று பாரத் கேட்டது. கொல்கத்தாப் பதிவகம் 2004இல் பதிவை ரத்துசெய்தது, கல்கத்தா உயர் நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது, 1.5.2008இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உருளை ரெக்சினிலும் தோலிலும்கூட அதே கோலத்தைப் பதிக்கும். ஆனால் கண்ணாடியில் அது முன்பே பதிந்ததற்குச் சான்று இல்லை. புதுமை உருளைக்கு அல்ல, கோலம் ஏறிய பொருளுக்கு. இவ்வளவு அழகாகப் பிரித்துச் சொன்ன தீர்ப்பு இத்துறையில் அரிது.

பதிவுசெய்த வடிவத்துக்கே, போலி செய்தவர் தன் சரக்கைப் பிறர் சரக்கென்று தள்ளிவிட்டதாகவும் வழக்குத் தொடுக்கலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. டில்லி உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வடிவத் திருட்டையும் இதையும் ஒரே வழக்கில் கேட்கலாம் என்று 2018இல் சொன்னது. குரோக்ஸ் செருப்பு வழக்கில் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2019இல் அப்படித் தொடுத்த வழக்கை ஏற்க மறுத்ததை, 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு திருப்பிப்போட்டது.

சுரண்டையில் கிரில் கேட் செய்யும் பட்டறைக்காரருக்கு இதில் தெரிந்துகொள்ள இரண்டு உண்டு. கேட்டை ஒரு வீட்டில் மாட்டி ஊரார் பார்த்த பிறகு விண்ணப்பித்தால், பொதுவாகப் புதுமை போயிற்று என்று தள்ளப்படும். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமலே ஐம்பதுக்கு மேல் உற்பத்தி செய்தால், ஓவியம் என்ற வகையில் கிடைக்கும் பதிப்புரிமையும் அந்த வடிவத்துக்கு இராது. விண்ணப்பத்தைச் சென்னையில் கொடுக்கலாம், ஆய்வு கொல்கத்தாவில்.

ஓவியத்துக்கும் தொழில் வடிவத்துக்கும் எல்லை வகுக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 2025இல் கிரையோகாஸ் வழக்கில் ஒரு சோதனையை வகுத்தது. பதிவுசெய்த வடிவத்தின் உரிமைக்காலம் பத்தாண்டு, கட்டணம் செலுத்தி மேலும் ஐந்தாண்டு நீட்டலாம். அதற்குப் பின் அவ்வடிவத்தை யாரும் செய்யலாம்.