யாருடைய அபிப்பிராயம்?

"மக்கள் விரும்புகின்றனர்", "நாடு எதிர்க்கின்றது" என்று ஆசிரியத் தலையங்கங்கள் அறுதியிட்டுக் கூறுவதை நாளும் படிக்கின்றோம். அம்மக்கள் யாவர், அவர்களைக் கேட்டறிந்தவர் யாவர் என நாம் வினவுவதில்லை. இவ்வினாவைத் தவிர்ப்பதன் விளைவை 1936ஆம் ஆண்டின் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தல் உலகுக்குக் காட்டிற்று.

1929இல் மூண்ட பொருளாதாரப் பெருமந்தம் அந்நாட்டின் உழைப்பாளரை வேலையின்றித் தெருவில் நிறுத்தியது. 1933இல் பதவியேற்ற ரூஸ்வெல்ற் நிவாரண வேலைகளை ஏற்படுத்தினார். 1935இல் தொழிற்சங்க உரிமைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் சட்டம் பிறந்தது. முதலாளித்துவத்தை அவர் ஒழிக்கவில்லை. அதைச் சரிவினின்றும் காக்கவே முயன்றார். ஆயினும் செல்வர் பலர் அவரைப் பகைத்தனர். நாளேடுகளிற் பெரும்பாலானவையும் அவரை எதிர்த்தன. அவரோ வானொலி மூலம் மக்களுடன் நேரிற் பேசினார்.

அப்போது 'லிற்றரரி டைஜஸ்ற்' என்னும் வார இதழ், ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. எதிர்வேட்பாளர் லாண்டனுக்கு நூற்றுக்கு 57, ரூஸ்வெல்ற்றுக்கு 43 என இதழ் கணித்தது. 1920 முதல் 1932 வரை நான்கு தேர்தல்களிலும் வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன இதழ் அது, எவர் ஐயுறுவர்?

மக்கள் வேறு தீர்ப்பளித்தனர். ரூஸ்வெல்ற் நூற்றுக்கு ஏறத்தாழ 61 வாக்குகள் பெற்று, 48 மாநிலங்களில் 46ஐ வென்றார்.

பிழை எங்கே? முகவரிகள் தொலைபேசி விபரக்கொத்துகளிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் பெருமளவில் திரட்டப்பட்டவை. பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் உடையவர் யார்? சீட்டுப் பெற்றவர்களிலும் நான்கில் ஒரு பங்கினரே மறுமொழி தந்தனர். ஆட்சிமீது சினங்கொண்டோரே அதில் முந்திக்கொண்டனர். வசதி படைத்தோரின் குரலை நாட்டின் குரலென இதழ் மயங்கிற்று. 1938இல் அவ்விதழே மறைந்தது.

அதே தேர்தலில் மிகக் குறைந்த தொகையினரை வினவிய ஜோர்ஜ் கலப், பல பிரிவினரையும் சேர்த்துக் கேட்டமையால் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். எனினும் அவருடைய முறையும் மாசற்றதன்று. 1948இல் அவரும் ஏனைய கணிப்பாளரும் டூயி வெல்வார் என்றனர். முடிவு தெரியுமுன்பே 'சிக்காகோ ட்ரிபியூன்' அதனைக் கொட்டை எழுத்துகளில் அச்சிட்டது. வென்றவர் ட்ரூமன்.

கணிப்பு வெறும் அளவுகோலன்று. "பெரும்பான்மை இதுவே" என நாள்தோறும் அச்சேறும்போது, தயங்குபவன் தன் கருத்தையே ஐயுறத் தொடங்குகின்றான். அளப்பதாகச் சொல்லிக்கொண்டே அபிப்பிராயத்தை ஆக்கவும் அதனால் இயலும். ஆயினும் 1936இல், வயிற்றுப் பசியின் அநுபவத்தை அச்செழுத்து வெல்ல முடியவில்லை.

எனவே ஆசிரியராகிய நாம் மாணவருக்குப் பயிற்ற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. எண்ணைக் கண்டு மலைப்பதற்கு முன், எவருடைய கதவு தட்டப்பட்டது, எவருடைய கதவு தட்டப்படவில்லை என்று கேட்க அவர்கள் பழகட்டும்.