ஆர்கன் பட்டறையில் பிறந்த விமானம்

விமானம் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர் இசைக்கருவிப் பட்டறையில் பிறந்தது. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க்கின் தந்தை பியானோவும் குழல் ஆர்கனும் செய்து விற்றுவந்தார். 1920-இல், 16 வயது லிங்க் 50 டாலர் கட்டி முதல் விமானப் பாடத்துக்குப் போனார். விமானம் வானில் குட்டிக்கரணம் போட்டு இறங்கியது. கட்டுப்பாட்டுக் கோலைத் தொடக்கூட அவரை விடவில்லை. இவ்வளவு செலவும் ஆபத்தும் இல்லாமல் தரையிலேயே பழக வழி வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

1927-இல் ஆர்கன் பட்டறையின் அடித்தளத்தில் வேலையைத் தொடங்கி 1929-இல் முடித்தார். ஆர்கனுக்கு உயிர் கொடுப்பது துருத்தி. அதையே எடுத்துக்கொண்டார். குட்டை இறக்கை வைத்த மரப்பெட்டியை ஒரு பீடத்தின் மேல் ஏற்றி, அடியில் நான்கு துருத்திகளை வைத்தார். மோட்டார் பம்பு காற்றை உறிஞ்சும். கோலை முன்னே தள்ளினால் வால்வு திறந்து முன்துருத்தி சுருங்கும். பெட்டியின் மூக்கு தாழும். இடப்பக்கம் சாய்த்தால் இடத்துருத்தி சுருங்கி, பெட்டியும் அந்தப் பக்கம் சாயும்.

பின்னாளில் ஆசிரியரின் மேசைக்கு மூன்று சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று வந்தது. மூடிய பெட்டிக்குள் மாணவர் கருவிகளை மட்டும் பார்த்து 'பறக்க', இது வரைபடத்தின் மேல் ஊர்ந்து அவர் போகும் வழியை மையால் கோடிழுக்கும். வெளியே வந்தவர், எந்த இடத்தில் தடம் மாறினோம் என்று தானே பார்த்துக்கொள்ளலாம். சிமுலேட்டர் உறுப்புகளை வடிவமைப்பது என் தொழில். பெட்டியின் ஆட்டத்தைவிட இந்த மைக்கோட்டையே நான் பெரிதாக நினைக்கிறேன். செய்த பிழையைச் செய்தவர் கண்ணுக்கே காட்டி, உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது அது.

ஆனால் தொடக்கத்தில் இதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். ராணுவம் திரும்பிப் பார்த்தது 1934-இல்தான். அந்தக் குளிர்காலத்தில் தபால் சுமக்கும் பொறுப்பு ராணுவ விமானிகளுக்கு வந்தது. இரவிலும் பனிமூட்டத்திலும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் 10-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகே ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 5 லட்சம் பேர் நீல வண்ணம் பூசிய அந்தப் பெட்டியில் பழகினார்கள்.

இன்றைய சிமுலேட்டரைத் தாங்கும் ஆறு கால் மேடையும் வேறொரு தொழிலின் பிள்ளைதான். 1950-களில் டன்லப் நிறுவனத்தின் எரிக் கஃப் டயர் சோதிக்கச் செய்த எந்திரத்தின் அமைப்பு அது. ஆறு கால்களும் தனித்தனியே நீண்டு சுருங்க, மேடை எந்தப் பக்கமும் நகரும், சாயும், திரும்பும். கால் மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் திசை மாறும்போது 'டக்' என்று ஒரு தட்டு விழும். உட்கார்ந்திருக்கும் விமானியின் உடம்பு உடனே அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். எங்கள் உழைப்பில் பெரும்பங்கு அந்த இடைவெளியை ஒழிப்பதில் போகிறது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இந்தக் கதை மிகவும் தேவை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியின் தொடர்ச்சியாகப் பட்டாசும், லேபிள் தேவையால் அச்சகமும் வளர்ந்தன. ஒரு தொழிலின் அறிவை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இந்த மண்ணுக்குப் பழக்கமானது. அதே மண்ணில்தான் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து 'பட்டாசு மருந்து கலக்கும்போது உராய்வு, வெடிவிபத்து' என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஒரே பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பாதுகாப்பு வகுப்புகள் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். ஆனால் வகுப்பில் காது கற்கிறது, மருந்தறையில் வேலை செய்வது கை. கைக்கும் ஒரு பள்ளி வேண்டும். உண்மை அறையின் அளவிலேயே ஒரு பயிற்சி அறை. எடையும் நிறமும் ஒத்த, தீப்பிடிக்காத தூள். சல்லடைக்கு அடியில் அழுத்தத்தை அளக்கும் உணரி. உடம்பின் நிலைமின்சாரத்தை வெளியேற்றும் எர்த் தகட்டைத் தொடாமல் நுழைந்தால் மணி அடிக்க வேண்டும். கை வேகம் கூடினால் விளக்கு எரிய வேண்டும். வேலை முடிந்ததும் எந்த நொடியில் தவறினார் என்பதைத் தாளில் காட்ட வேண்டும். முதலாளியின் தவறுகளை, அளவுக்கு மீறி ஆள் வைப்பதையும் மருந்து குவிப்பதையும், இந்த அறை திருத்தாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. தொழிலாளியின் கையை இது காக்கும்.

இதற்கு ஆறு கால் மேடைகூடத் தேவையில்லை. இங்கே மெப்கோ ஷ்லெங்க் போன்ற பொறியியல் கல்லூரிகள் உண்டு. இறுதியாண்டுத் திட்டப்பணி தேடும் மாணவர்கள் உண்டு. வெல்டிங் பட்டறைகள் உண்டு. லிங்க்கின் பெட்டி முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, சாவுகளுக்குப் பிறகே, ராணுவம் அதை வாங்கியது. நம் பக்கம் சாவுகள் முன்பே நடந்துவிட்டன. அறையைத்தான் இன்னும் கட்டவில்லை, கட்டுவோம்.