துணியைத் தேடி வரும் ரயில்

மாமல்லபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருபவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். பார்க்க ஊர் இருக்கிறது, தண்டவாளம் இல்லை! ஸ்காட்லாந்தின் காலஷீல்ஸ் நகரின் கதை இதற்கு நேர் எதிரானது.

காலஷீல்ஸ் கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். அந்த வழியாகச் சென்ற வேவர்லி ரயில் பாதை நஷ்டம் என்று சொல்லி 1969 ஜனவரியில் மூடப்பட்டது. ஆலைகளும் நலிந்தன. மக்கள் விடாமல் கேட்டதன் பலனாக 2015 செப்டம்பரில் எடின்பரோவிலிருந்து காலஷீல்ஸ் வழியாக ட்வீட்பேங்க் வரை மீண்டும் ரயில் ஓடியது. ரயில் வந்துவிட்டது. ஆனால் பயணிகள் இறங்க ஒரு காரணம் வேண்டுமே?

அந்தக் காரணம் ஒரு துணி! எழுத்தாளர் அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் யோசனை, ஓவியர் ஆண்ட்ரூ கிரம்மியின் வரைபடம், வரலாற்று எழுத்தாளர் அலிஸ்டர் மொஃபாட்டின் கதைத் தேர்வு. சுமார் 1000 தன்னார்வலர்கள் குழுக்களாக அமர்ந்து ஸ்காட்லாந்தின் வரலாற்றை 160 துணிப் படங்களாகத் தைத்தார்கள். மொத்த நீளம் 143 மீட்டர். பெயரில் 'டேப்பெஸ்ட்ரி' என்று இருந்தாலும் இது தறியில் நெய்தது அல்ல, ஊசியால் போட்ட எம்பிராய்டரி. 2013-ல் ஸ்காட்லாந்து பாராளுமன்றத்தில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. பிறகு சொந்த வீடு இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றியது.

முதலில் கடைசி நிலையமான ட்வீட்பேங்க் அருகே கட்டடம் கட்டத் திட்டமிட்டார்கள். பொதுப்பணம் வீணாகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. பின்னர் காலஷீல்ஸ் கடைத்தெருவையே தேர்ந்தெடுத்தார்கள். இதில்தான் கணக்கு இருக்கிறது. கடைசி நிலையத்தில் வைத்தால் வருபவர் துணியைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். ஊர் நடுவில் வைத்தால் டீக்கடைக்கும் துணிக்கடைக்கும் வியாபாரம் நடக்கும். சுமார் 67 இலட்சம் பவுண்டு செலவில் 2021 ஆகஸ்டில் கட்டடம் திறக்கப்பட்டது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

இங்கே என்ன நிலை? 1996-ல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் நெசவாளர் வீடுகளும் தறிகளும் இருக்கின்றன. ஆனால் அது கடற்கரைச் சாலையில் இருக்கிறது, பக்கத்தில் ரயில் இல்லை. பட்டு நெசவுக்குப் பெயர்போன காஞ்சிபுரமோ செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. செங்கல்பட்டில் இறங்குபவருக்கு ஒரு பக்கம் பல்லவர் சிற்பம், மறு பக்கம் பட்டுத்தறி! நெசவாளரும் தையல் தெரிந்த பெண்களும் சேர்ந்து இந்த வட்டாரத்தின் கதையைத் துணியில் செய்து நிலையத்துக்கு அருகே வைத்தால், பஸ் மாறும் ஊர் பார்க்கும் ஊராகிவிடும். கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. அதற்கு ஒரு வீடுதான் வேண்டும்.