தண்டமும் மருந்தும்

திருவள்ளுவனார் பொருட்பாலுள் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகவும், சூதினை 94-ஆவதாகவும், மருந்தினை 95-ஆவதாகவும் அடைவுபட வைத்தார். கள்ளைக் கடிந்த பெரியார் மருந்தையும் அதற்கு அணித்தாகவே வைத்தமை நோக்கற்பாலது. குடியனைக் குற்றவாளியெனத் தண்டிப்பதோ, நோயாளியெனக் கொண்டு மருந்தளிப்பதோ என்னும் வினாவிற்கு நம் நாட்டுச் சட்டம் விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். காஞ்சியிலும் அதன் அயலதாகிய நம் ஏனாத்தூரிலும் தறிக்கூலி வீடு வந்து சேராமல் மதுக்கடைக்குச் செல்லும் குடும்பங்கள் உள்ள வரையில், இவ்வரலாறு நமக்குப் பயன்படுவதேயாம்.

சென்னை மாகாணத்தில் இராஜாஜி அவர்களின் அமைச்சு 1937-ஆம் ஆண்டில் மதுவிலக்குச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவில் அதனை நடைமுறைப்படுத்தியது. கள்ளுக்கடைகள் மூடப்பட்டன, குடித்தலும் குற்றமாயிற்று. கலால் வருமானம் குறைந்தமையின், அதனை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி புகுத்தப்பட்டது. போர்க்காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் பரவிற்று. காஞ்சி ஈன்ற அறிஞர் அண்ணாதுரை அவர்களும், 1967 முதல் 1969 வரை முதலமைச்சராயிருந்த காலத்து, அதனைத் தளர்த்தாது காத்தார். 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அரசின் வாணிபக் கழகமாகிய டாஸ்மாக் தோன்றிற்று; 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைப்பட்டது.

இவ்வளவு மாற்றத்திலும் சட்டத்தின் நோக்கு பெரும்பாலும் கடையின்மேலேயே நின்றது. கடை திறந்தால் வருமானம், மூடினால் தண்டம். குடித்துப் பழகிய உடம்பின் கதி யாது? நெடுநாள் மிகக் குடித்தவன் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவானாயின், இரண்டு மூன்று நாள்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் சித்தக்கலக்கமும் தோன்றி, உயிருக்கே இடர் நேர்தலும் உண்டு. பூட்டிய கடையும் சிறைக்கதவும் இந்நோய்க்கு மருந்தாகா. தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கண்டபோதுதான், இஃது ஒரு நோய் என்னும் உண்மை தமிழ்நாட்டில் பலர்க்கும் விளங்கலாயிற்று.

சட்டமும் மெல்ல அவ்வழியே வந்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சிறு அளவு குற்றம் புரிந்த அடிமையாளனை உடனே சிறைக்கு அனுப்பாமல், அவன் இசைவோடு, அரசினர் மருத்துவமனைக்கோ அரசு ஏற்ற நிலையத்திற்கோ விடுக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது. ஓராண்டிற்குள் மருத்துவத்தின் பயனை மன்றில் அறிவித்தல் வேண்டும். 64-ஏ பிரிவோ, தானே வலிய வந்து மருத்துவத்தை முற்றச் செய்துகொள்பவனை வழக்கினின்றே விடுவிக்கின்றது. ஆயின் இவை கஞ்சா, அபின் முதலியவற்றிற்கே உரியன. மதுவிற்கு உரியன அல்ல. பொதுவிடத்தில் குடித்துத் தொல்லை செய்வோனுக்கு, 2024 ஜூலை முதல் நடைபெறும் பாரதிய நியாய சன்ஹிதா சமூகப்பணியையும் ஒரு தண்டனையாக வைத்ததேயன்றி, மருத்துவத்தை வைத்திலது.

குடிநோயாளிக்குத் துணையாவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமாம். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கேடுகளையும் அது மனநோயுள் அடக்கிற்று. தனக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யும் நிலையிலோ, தன்னைத் தான் பேண இயலாத நிலையிலோ ஒருவன் இருப்பின், அவனுக்குரிய பிரதிநிதியின் விண்ணப்பத்தின்மேல், இருவர் தனித்தனியே ஆய்ந்து ஒப்பிய பின்னரே, முப்பது நாள் வரையில் அவனைச் சேர்க்கலாம். அவ்விருவருள் ஒருவர் மனநல மருத்துவராதல் வேண்டும். சங்கிலியாற் பிணித்தலை அச்சட்டம் அறவே விலக்கிற்று. நிலையங்கள் பதிவு பெற்றிருத்தலும் கட்டாயம்.

தமிழர் வாழும் பிற நாடுகளிற் கட்டாயம் மிகுதி. சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், போதைக்கு அடிமையானோரை வழக்குமன்றம் புகாமலே மறுவாழ்வு நிலையத்தில் வைக்க இடந்தந்தது. மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஈராண்டு நிலையவாசமும், பின் ஈராண்டு மேற்பார்வையும் வகுத்தது. இலங்கையும் 2007-இல் இத்தகைய சட்டம் கண்டது. இங்கிலாந்து இதனை முன்னரே செய்து பார்த்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியரைச் சீர்திருத்தச்சாலைகளில் மூன்றாண்டு வரை அடைத்து, பின்னர் அச்சாலைகளையே கைவிட்டது. 2012-இல் ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த பன்னிரண்டு அமைப்புகள், கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஒருங்கே வேண்டின.

இவற்றால் யாம் அறிவது யாது? சட்டத்தின் கை நோயாளியை மருத்துவமனை வாயில் வரையிற் கொணரும். அதற்கப்பால் அவனை நடத்த அதற்கு ஆற்றல் இல்லை. மருத்துவத்தை நோயுற்றோன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என நான்காக வகுத்தார் வள்ளுவர். இவற்றுள் மருத்துவனையும் மருந்தையும் அரசு தரலாம், இசைவை நோயுற்றோனே தரல் வேண்டும், நான்காமவர் நாமே. முப்பது நாள் கழிந்து வீடு திரும்புவோனுக்குத் தறியில் வேலையும் வீட்டில் முகமலர்ச்சியும் கிட்டாவாயின், அவன் கால்கள் பழைய கடையையே நாடும்.

முற்காலத்துச் சாதிச் சங்கங்கள் பல மதுவிலக்குத் தீர்மானம் நிறைவேற்றின. குடித்தவனை அவையில் நிறுத்தி அபராதமும் விதித்தன. நம் சங்கத்தார் இனி அபராதத்தை விட்டு ஆதரவைக் கைக்கொள்வாராக. உறவினனை மருத்துவத்திற்குச் சேர்க்குமுன் நிலையத்தின் பதிவுச் சான்றைக் கேட்பாராக. திரும்பி வந்தவனை, “குடிகாரன்” என்னும் பழம்பெயரால் விளியாது, அண்ணனென்றும் தம்பியென்றும் அழைப்பாராக. சட்டம் எழுத இயலாத பிரிவு இஃதொன்றே; இதனை எழுத வேண்டியவர் நாமே.