சத்திரத்திலிருந்து லவுஞ்சுக்கு

பிரயாணம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான். வண்டி ஓடுகிற நேரத்தைவிட, வண்டிக்காக உட்கார்ந்திருக்கிற நேரமே மனிதனை அதிகமாகக் களைக்க வைக்கிறது. நம் முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரவு தங்கச் சத்திரம் கட்டினார்கள். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 1888-இல் கட்டிய சத்திரமும் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். ஜாதி கேட்ட சத்திரங்கள் நாட்டில் இருந்தன. அந்த வெட்கத்தை மறைப்பதற்கில்லை. ஆனால், "உம்மிடம் பணம் எவ்வளவு?" என்று சத்திரத்து வாசலில் கேட்கிற வழக்கம் இல்லை.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது ரயில். டிக்கெட்டில் வகுப்பு வந்ததும், காத்திருப்பதிலும் வகுப்பு வந்துவிட்டது. மேல் வகுப்புக்காரருக்கு 'வெயிட்டிங் ரூம்', சாய்வு நாற்காலி, முகம் பார்க்கக் கண்ணாடி. மூன்றாம் வகுப்புக்காரருக்கு ஒரு கொட்டகை. கொட்டகை நிரம்பினால் பிளாட்பாரம். 1917 செப்டம்பரில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. முதல் வகுப்புக் கட்டணம் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அவர் போட்ட கணக்கு வேடிக்கையானது. முதல் வகுப்புக்காரர் அனுபவிக்கும் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது இவனுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டார். விலைக்கு ஏற்ற சௌகரியம் உண்டா என்ற இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் தாம்பரத்துக்கு வேறு விதத்தில் விமோசனம் கிடைத்தது. 1931 மே 11 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு வண்டி போனால் பின்னாலேயே இன்னொரு வண்டி வரும் என்றான பிறகு, வெயிட்டிங் ரூமைப் பற்றி யாருக்குக் கவலை? காத்திருக்கிற அறையை அலங்கரிப்பதைவிடக் காத்திருக்கிற நேரத்தைக் குறைப்பது மேல் என்று அந்த ரயில் எங்களுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்தது.

அடுத்த ஆண்டே ஆகாய விமானமும் வந்து சேர்ந்தது. 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வந்தவை கடிதங்கள். கடிதங்களுக்குக் காப்பி வேண்டாம், மெத்தை நாற்காலியும் வேண்டாம். மனிதர்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் தொல்லை.

அமெரிக்காவில் 1939-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் 'அட்மிரல்ஸ் கிளப்' என்று ஓர் அறை திறந்தது. விமான லவுஞ்சுகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. ஆரம்பத்தில் கம்பெனி அழைத்தால்தான் உள்ளே போகலாம். அடிக்கடி பறப்பவருக்கு அது ஒரு மரியாதை. பிற்பாடு சந்தா கட்டியவரும் அங்கத்தினர் ஆகலாம் என்றாயிற்று. மரியாதை சரக்காகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், வங்கிகள் அதைக் கிரெடிட் கார்டோடு சேர்த்துக் கொடுத்தன. கார்டு வைத்திருப்பவர் பெருகப் பெருக, லவுஞ்சு வாசலில் வரிசை நீண்டது. 2024 முதல் பல வங்கிகள், முந்தைய மூன்று மாதங்களில் இன்ன தொகை செலவழித்தவருக்கே அனுமதி என்று நிபந்தனை விதித்துவிட்டன. இரண்டு இட்லி இலவசமாகச் சாப்பிடுவதற்காக ஆயிரக்கணக்கில் சாமான் வாங்க வேண்டும்!

ஒரு முறை வெளியூர் விமான நிலையம் ஒன்றில் என் தமக்கையோடு லவுஞ்சு வாசலில் நின்றேன். அவளுக்கு முழங்கால் வலி. கார்டைப் பார்த்த பையன், "உங்களுக்கு மட்டும்தான் சார். அம்மாவுக்குத் தனியாகப் பணம் கட்டணும்" என்றான். தொகையைக் கேட்டதும் அக்கா, "அந்தக் காசுக்கு நம் வீட்டில் பத்து நாள் சமையல் ஆகுமடா. நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள். நான் போகவில்லை. வெளியே தூணருகே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அதில் அவளை உட்கார்த்திவிட்டு, அவள் கொண்டுவந்த புளியோதரையை நின்றபடி சாப்பிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எத்தனையோ மெத்தை நாற்காலிகள் காலியாகத் தெரிந்தன.

அடிக்கடி பிரயாணம் செய்பவருக்கு லவுஞ்சு பிரயோஜனமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடு இரவில் விமானம் மாறி ஏற வேண்டியவர், நாலைந்து மணி நேரம் அன்னிய ஊரில் உட்கார வேண்டியவர் ஆகியோருக்குச் சந்தேகமில்லாமல் பிரயோஜனந்தான். கொடுத்த காசு கால் நீட்டியதிலேயே வசூலாகிவிடும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, நாலாவது ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்கி, சாலையைக் கடந்து மீனம்பாக்கத்தில் மதுரை விமானம் பிடிப்பவருக்கு அது வீண். இட்லியை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம்.

ஆனால் காந்தியடிகளின் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். லவுஞ்சுக்கு விலை ஏற்படுவது உள்ளே இருக்கும் பண்டத்தால் அல்ல. வெளியே நாற்காலி போதாததாலும், தேநீர் விலை நெருப்பாகக் கொதிப்பதாலும்தான். 2024 டிசம்பரில் கல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் நம் சென்னை விமான நிலையத்திலும் 'உடான் யாத்ரி கபே' என்ற மலிவுக் கடை திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள். யாருடைய கார்டும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் முழங்கால் வலிக்காரர்களுக்காக நூறு நாற்காலியும் போட்டுவிட்டால், லவுஞ்சு பிரயோஜனமா என்ற கேள்வியையே யாரும் கேட்கமாட்டார்கள்.